சிலந்தி அரிசியை மணலில் இனங்காண்பது எப்படி?

கடலோர மணல் நிலத்தில் புல் என்று நினைத்து நாம் மிதித்துப் போகும் செடிகளில் ஒன்று சிலந்தி அரிசி. கோரைக் குடும்பம், தாவரவியல் பெயர் சைபெரஸ் பல்போசஸ். சோழமண்டலக் கரையில் பஞ்ச காலத்தில் இதன் கிழங்கைச் சுட்டும் அவித்தும் மாவாக்கியும் சாப்பிட்டிருக்கிறார்கள். நடு ஆஸ்திரேலியாவின் அரெர்ன்டெ மக்களுக்கும் இது உணவு. அவர்கள் இதை ‘யல்கா’ என்கிறார்கள். பசி தீர்த்த செடியை நம் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டவாவது தெரிய வேண்டும் அல்லவா?

1. மழைக்குப் பிறகு போங்கள். கோடையில் மேல்செடி காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும்.

2. பூத்தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டுங்கள். மூன்று பட்டை தட்டுப்படும், நடுவில் கணு இருக்காது. புல்லுக்குக் கணு உண்டு. சிலந்தி அரிசியின் இலை மிகவும் ஒடுங்கியது, செடி ஒரு சாண் உயரம், கதிர் செம்பழுப்பு.

3. இனித் தோண்ட வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை. செடியின் அடியிலிருந்து நூலிழைத் தண்டுகள் ஓடும். கிழங்கு அவற்றின் நுனியில் இருக்கும். பிடுங்கினால் இழை அறுந்துபோகும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். அப்புறம் இது எந்தக் கோரை என்று சொல்வது கடினம். அதனால் செடிக்கு ஒரு கையகலம் தள்ளிப் பக்கவாட்டில் குழி பறியுங்கள். ஈர மணலை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, இழை போகும் வழியிலேயே போங்கள். களைக்கொத்து வேண்டாம்.

4. கிழங்கை உரியுங்கள். கரும்பழுப்புச் செதில்கள் சின்ன வெங்காயம் போல அடுக்கடுக்காகக் கழன்று, உள்ளே வெள்ளையாக இருந்தால் சிலந்தி அரிசி. வயலில் களையாக வரும் கோரைக்கிழங்கு சரம் சரமாக, கட்டையாக இருக்கும். நசுக்கினால் வாசனை தூக்கும்.

5. விவரம் தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்த பிறகே சாப்பிடுங்கள். களைக்கொல்லி அடித்த இடத்தில் எடுக்கவே கூடாது. தோலை நீக்கிக் கழுவி, சூடான மணலில் வறுத்தால் போதும். உருளைக்கிழங்கின் சுவை.

சரி, குழியை மூடிவிடுங்கள். எடுத்த கிழங்கில் இரண்டை மணல் நிரப்பிய தொட்டியில் ஊன்றிவிட்டால், கதிர் வந்ததும் இன்னொரு முறை சரிபார்க்கலாம்.