கோவில் கூடத்துச் சமையலறைக்கு நிதி: இடைநிலை அமைப்பிடம் கேட்பதும், வந்த பணத்தைக் கட்டிக்காப்பதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில், கோவில் கூடத்தில் அறுபது முதியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் மதியச் சாப்பாடு போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரேண்ட் ஆகும். சிக்கலே இந்தத் தொகைதான். தெருவில் வசூல் செய்து சேர்க்கப் பெரிது. பெரிய அறக்கட்டளையோ கம்பெனியோ தனியாக உட்கார்ந்து பரிசீலிக்கச் சிறிது. ஒன்றரை லட்சத்தைக் கண்காணிப்பதும் ஒன்றரைக் கோடியைக் கண்காணிப்பதும் அவர்களுக்கு ஏறத்தாழ ஒரே வேலை.

அந்த இடைவெளியில் நிற்பவைதான் இடைநிலை அமைப்புகள். மூட்டையாக வாங்கிப் படியால் அளந்து கொடுக்கும் கடைக்காரரைப் போல, பெரிய இடத்தில் பணத்தை வாங்கிச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆனால் மேலே ஒவ்வொரு ரேண்டுக்கும் அவையே கணக்குச் சொல்ல வேண்டும். அதனால் உங்கள் ஏரியாவின் கஷ்டத்தைப் பார்த்து மட்டும் அவை முடிவெடுப்பதில்லை. உங்கள் கணக்கைத் தங்கள் கணக்கோடு சேர்த்து மேலே காட்ட முடியுமா என்றுதான் பார்க்கின்றன. விண்ணப்பத்தில் முக்கால் பங்கு வறுமையை விவரித்து, கடைசிப் பக்கத்தில் அவசரமாக ஒரு பட்ஜெட் வைத்தால் தோற்பது இதனால்தான்.

எந்த வகைப் பணம் வேண்டும்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாத மானியம் ஒன்று. கடன் ஒன்று. வங்கி கொடுக்கும் கடனுக்கு நிற்கும் உத்தரவாதம் ஒன்று. பதிவில்லாத குழுவுக்காகப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி வைத்துச் செலவழித்துக் கொடுப்பது இன்னொன்று.

அமெரிக்காவில் 1979-இல் ஃபோர்டு அறக்கட்டளை முன்னெடுப்பில் தொடங்கிய லிஸ்க் அமைப்பு, மானியம், கடன், ஆலோசனை மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுத்துப் பெயர் பெற்றது. தென்னாப்பிரிக்காவில் 1995-இல் வந்த நுர்ச்சா அமைப்பு, வீடு கட்டும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு உத்தரவாதமும் இடைக்காலக் கடனும் கொடுத்தது. அதே ஆண்டில் வீடற்றோர் கூட்டமைப்பின் சேமிப்புக் குழுக்களுக்காக உட்ஷானி நிதி உருவானது. அரசின் வீட்டு மானியம் வேலை முடிந்த கட்டத்துக்குத்தான் வரும். செங்கலும் சிமெண்டும் அதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். அந்த இடைவெளிக்கு உட்ஷானி முன்பணம் கொடுத்தது. அரசுப் பணம் தாமதமானபோது உட்ஷானியின் மூலதனமே முடங்கியது. உங்கள் பணமும் இப்படிக் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதைப் பட்ஜெட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதைக் கீழே பார்க்கலாம்.

சாப்பாடு வருமானம் தரும் தொழில் அல்ல. அதற்கு மானியம் மட்டும் கேளுங்கள், கடன் வேண்டாம்.

காகிதங்கள்

1997-ஆம் ஆண்டின் லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது சமூக மேம்பாட்டுத் துறையில். கட்டணம் இல்லை. சாசனத்தில் சில வாசகங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: வருமானத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிடக் கூடாது, அமைப்பு கலைந்தால் மிச்சச் சொத்து இதேபோன்ற வேறு அமைப்புக்குப் போக வேண்டும், நிர்வாகிகள் மாறினாலும் அமைப்பு தொடரும். பதிவான பிறகு ஆண்டுதோறும் அறிக்கையும் கணக்கும் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஆண்டு முடிவு பிப்ரவரி என்றால் கெடு நவம்பர் இறுதி. இதைத் தவறவிட்டால் பதிவு ரத்தாகும் நிலை வரும். இடைநிலை அமைப்பு முதலில் தேடிப் பார்ப்பது உங்கள் பதிவு எண்ணைத்தான்.

அடுத்தது வரித்துறையான சார்ஸிடம் பொதுநல அமைப்பு என்ற ஒப்புதல். ஈஐ1 படிவம். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும். தனி ஒருவர் முடிவுகளைக் கட்டுப்படுத்தக் கூடாது. கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மச்சான் செயலாளர் என்றால் அங்கேயே நின்றுவிடும். நல்ல எண்ணத்தில் குடும்பமாகத் தொடங்கிய பல குழுக்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. மூன்று வீடுகளிலிருந்து மூன்று பேரைச் சேருங்கள்.

கோவில் சங்கங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 18ஏ ரசீதை, வருமான வரிச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டாம் பகுதியில் உள்ள வேலைகளுக்குத்தான் கொடுக்கலாம். வறியோர் நிவாரணம், கல்வி, மருத்துவம் அதில் உண்டு. சமயமும் பண்பாடும் முதல் பகுதியில் மட்டுமே வருகின்றன. ஆகவே அன்னதானத்துக்கு 18ஏ கிடைக்கலாம், அதே கோவிலின் தேர்த்திருவிழாவுக்குக் கிடைக்காது. தைப்பூசக் காவடி வசூலும் சமையலறை மானியமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால் இரண்டையும் பிரித்துக் காட்டக் கணக்கர் திணறுவார், ஒப்புதலும் ஆட்டம் காணும். சமையலறைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். முடிந்தால் தனி அமைப்பாகவே பதிவு செய்யுங்கள். கோவில் கூடத்தை அதற்கு எழுத்து ஒப்பந்தத்தில் கொடுக்கட்டும்.

18ஏ ரசீது கொடுத்து நன்கொடை வாங்கிப் பிறருக்குப் பிரித்துத் தரும் அமைப்பு, அதில் குறைந்தது பாதியை அந்த நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதாவது அவர்களுக்கும் கெடு இருக்கிறது. "உங்கள் நிதியாண்டு எப்போது முடிகிறது?" என்று முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்

அறுபது பேர், வாரம் இரண்டு நாள், ஐம்பது வாரம்: 6,000 சாப்பாடு. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் 600 கிலோ, பத்துக் கிலோ பை அறுபது. பருப்போ சுகர் பீன்ஸோ 40 கிராம் என்றால் 240 கிலோ. இப்படி எடையில் தொடங்கி விலைக்குப் போங்கள். தொகையில் தொடங்கி எடைக்கு வந்தால் பரிசீலிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு மாதிரிக் கணக்கு:

- உணவுப் பொருள், சாப்பாட்டுக்கு 15 ரேண்ட்: 90,000
- இரண்டு சமையல்காரர், நாளுக்கு 5 மணி நேரம், 100 நாள், மணிக்கு 28.79: 28,790
- வேலையின்மைக் காப்பீடு, முதலாளி பங்கு 1%: 288
- கேஸ், டப்பா, சோப்பு: 18,000
- பொருள் ஏற்றிவரும் வண்டிச் செலவு: 6,000
- கணக்கர் கட்டணம்: 6,500

மொத்தம் 1,49,578. ஒரு சாப்பாடு ஏறக்குறைய 25 ரேண்ட். உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

28.79 என்பது 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்ச மணிக்கூலி. ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும் என்பதால் ஆண்டின் நடுவில் உயரக்கூடிய தொகையையும் சேர்த்துப் போடுங்கள். "கைச்செலவுக்குக் கொஞ்சம்" என்று எழுதி மாதாமாதம் பணம் கொடுப்பது ஆபத்து: ஊதியம் வாங்கினால் அவர் தொண்டர் அல்லர், தொழிலாளர். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு வேலையின்மைக் காப்பீடும் உண்டு; உங்கள் 1 சதவீதத்தோடு அவர் கூலியில் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு வந்து அடுப்பு மூட்டும் அம்மாவுக்கு இது சட்டப்படி சேர வேண்டிய பணம். அதைக் குறைத்துப் பட்ஜெட்டை அழகாக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கமான தவறு, எல்லாவற்றுக்கும் 15 சதவீத வாட் சேர்ப்பது. அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், காய்கறி, முட்டை, பால், தாவர எண்ணெய் ஆகியவற்றுக்கு வாட் பூஜ்யம். மசாலா, டப்பா, கேஸ், சோப்புக்கு உண்டு. வாட் பதிவு இல்லாத குழு அதைத் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பொருள்களுக்கு வாட் சேர்ந்த விலையையே போடுங்கள்.

சமையலறைக்கு நகராட்சியின் உணவு வளாகச் சான்றிதழ் வேண்டும். 2018-இன் ஆர் 638 ஒழுங்குவிதிகளின்படி சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துக் கொடுப்பார். கை கழுவும் தொட்டி தனியாக இருக்கிறதா, சுவர் கழுவக்கூடியதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். பணம் வந்த பிறகு இதைத் தேடினால் முதல் தவணையே சும்மா கிடக்கும்.

தவணை

மானியம் 40, 40, 20 சதவீதம் என மூன்று தவணை என்று கொள்வோம். முதல் தவணை 59,831. வாரச் செலவு 3,000 ஆகும்போது அது இருபது வாரம் தாங்கும். இருபதாவது வாரம் அறிக்கை கொடுத்து, அவர்கள் சரிபார்க்க ஆறு வாரம் எடுத்தால் 720 சாப்பாடு நின்றுபோகும். சாப்பாட்டை நம்பி மாத்திரை போட வரும் முதியவருக்கு ஆறு வாரம் என்பது சாதாரணம் அல்ல. எனவே பதினான்காவது வாரத்திலேயே, முதல் தவணையில் எழுபது சதவீதம் செலவான நிலையில், அறிக்கை கொடுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கூடவே ஆறு வாரச் செலவான 18,000 ரேண்டை உள்ளூர் வசூலில் தனியாக வையுங்கள்.

ஒரு தலைப்புப் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற வேண்டுமானால் செலவுக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பழைய ஃப்ரிட்ஜ் நின்றுபோய் அரிசிப் பணத்தில் புதியது வாங்கினால், நல்ல காரணம் இருந்தாலும் கணக்கில் அது குற்றம்.

ரசீது

சூப்பர்மார்க்கெட் சீட்டு வெப்பத்தால் அச்சாகும் தாள். சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள், ஏ4 தாளில் ஒட்டிப் பிரதி எடுத்துத் தேதியும் வரிசை எண்ணும் எழுதுங்கள். சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட் போன்ற இடத்தில் கத்தரிக்காயும் கொத்துமல்லியும் வாங்கினால் பில் வராது. அதற்கு வவுச்சர் புத்தகம்: பொருள், எடை, தொகை, விற்றவர் பெயர், கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து. ஒரு வவுச்சருக்கு உச்ச வரம்பு எவ்வளவு என்று முதலிலேயே ஒப்பந்தத்தில் போடுங்கள். சாப்பிட வந்தவர்களின் வருகைப் பதிவில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் நிரப்பிய பதிவேடு பார்த்தவுடனே தெரியும்.

கம்பெனிப் பணம் இடைநிலை வழியாக வந்தால்

கறுப்பின மக்களின் பொருளாதார மேம்பாட்டுக்கான பி-பிபிஇஇ மதிப்பெண்ணுக்காகக் கம்பெனிகள் வரிக்குப் பிந்தைய நிகர லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூகப் பொருளாதார மேம்பாட்டுக்குக் கொடுக்கின்றன. பயனில் 75 சதவீதமாவது கறுப்பின மக்களுக்குச் சேர்ந்தால் முழுத் தொகையும் கணக்கில் வரும். சட்டப்படி கறுப்பினம் என்ற சொல்லில் இந்திய வம்சாவளியினரும் அடங்குவர். ஆனால் குடிமக்களாக இருக்க வேண்டும், 1994 ஏப்ரல் 27-க்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் பொதுவாகச் சேரமாட்டார். ஆகவே பயனாளிகளின் அடையாள எண்ணோடு பட்டியல் தயாராக இருக்கட்டும். அதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

கடன் கொடுக்கும் யோசனை இருந்தால்

மானியத்தில் மிஞ்சியதை வீட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கு வட்டிக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். 2016 நவம்பர் முதல் எவ்வளவு சிறிய தொகையானாலும் கடன் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாக்வெல் எனப்படும் சேமிப்புக் குழு தன் விதிப்படி தன் உறுப்பினருக்குக் கொடுப்பது சட்டத்தில் கடன் ஒப்பந்தமாகக் கருதப்படாது. ஆகவே சீட்டு, ஸ்டாக்வெல் போன்றவற்றை உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பில் தனியே நடத்துங்கள். மானியப் பணத்தில் ஒரு ரேண்டும் அங்கே போகக் கூடாது. மிஞ்சிய மானியத்தை ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுங்கள், அல்லது அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்க எழுத்தில் கேளுங்கள்.

வேறொருவர் கணக்கில் பணம் இருந்தால்

உங்களுக்கு இன்னும் பதிவு இல்லை, இடைநிலை அமைப்பே பணத்தை வைத்துக்கொள்கிறது என்றால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். அவர்கள் எடுக்கும் நிர்வாகச் சதவீதம் எவ்வளவு, அது மொத்த மானியத்துக்கா, செலவான தொகைக்கா. கோரிக்கை கொடுத்து எத்தனை வேலைநாளில் கடைக்குப் பணம் போகும். உங்கள் பெயரிலான இருப்பை மாதாமாதம் எப்படித் தெரிவிப்பார்கள். அந்த மாத இருப்பைக் கூட்டத்தில் வாசித்து, குறிப்பேட்டில் எழுதி, இருவர் கையெழுத்துப் போடட்டும்.