போடி வழியாகக் கொழுக்குமலை

சூரிய உதயம் பார்க்கப் பலரும் ஏறுகிற தேயிலை மலையான கொழுக்குமலை இருப்பது நம்ம தேனி மாவட்டத்தில், ஆனால் ஜீப்பில் ஏற வேண்டுமென்றால் கேரளாவுக்குள் போய்ச் சூரியநெல்லியில் இருந்துதான் ஏற முடியும். இது தெரியாமல் பலர் மூணாறு டவுனில் ரூம் போட்டுவிட்டு, நடுராத்திரி எழுந்து இருட்டில் அவ்வளவு தூரம் ஓடி வருகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன், மேலே போய்ச் சேர்ந்தபோது சூரியன் நன்றாக மேலேறியிருந்தது.

போடியில் இருந்து கிளம்புங்கள். முந்தல் தாண்டினதும் ஏற்றம், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். போடிமெட்டில் கட்டன் சாயா குடித்துவிட்டுப் பூப்பாறை, சின்னக்கானல் வழியாகச் சூரியநெல்லி வந்து அங்கேயே தங்கிவிடுங்கள். பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடுவது நல்லது, இது யானை நடமாடும் இடம். 2023-இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், சரி, மற்ற யானைகள் எங்கே போகும்? அதனால் ராத்திரி சும்மா காலாற நடக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

சாயங்காலமே ஜீப் பேசி வைத்துவிடுங்கள். ஒரு வண்டிக்கு இவ்வளவு என்றுதான் வாடகை, ஆள் சேர்ந்தால் தலைக்குக் குறையும். டிரைவர்கள் பெரும்பாலும் தமிழ்தான், "அண்ணே, எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியா இருக்கும்?" என்று கேட்டால் நான்கு, நாலரை என்பார்கள், நான்கு மணியையே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் போகலாமே என்று நினைக்காதீர்கள், அது பாதையே இல்லை, எஸ்டேட்டுக்குள் வெறும் கல் மேல் ஏறி இறங்குகிற ஒன்றரை மணி நேரம், இடுப்பு வலிக்காரர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டரோடு காதை மூட ஒரு குல்லாவும் வேண்டும். கிழக்கே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுவதும் மேகத்துக்குள் கிடக்க, அதற்கு மேலே சூரியன் எழும். மழைக்காலத்தில் போனால் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், டிசம்பரும் ஜனவரியும் நம்பலாம். பார்த்துவிட்டு உடனே இறங்காமல் அங்கிருக்கும் பழைய தேயிலை ஃபேக்டரிக்குள் போய் வாருங்கள், கொழுந்து வாடும் அந்த வாசனைக்காகவே போகலாம்.

குரங்கணியில் இருந்து நடந்து ஏறவும் வழி உண்டு. ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் அங்கே பற்றிய காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், கோடையில் காய்ந்த புல் அவ்வளவு வேகமாகப் பற்றும்.

சொந்த வண்டியில் போடிமெட்டு இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் இரண்டாவது கியரில் விடுங்கள். போடியில் ஏலக்காய் வாங்குவதானால் பச்சை நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், ஒரு காயைப் பிளந்து பாருங்கள், விதை கறுப்பாக, கையில் லேசாக ஒட்ட வேண்டும்.