டச்சுப் புறநகரில் முதல் வீடு வாங்குவது எப்படி: அல்மேரேயை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

நாங்கள் வீடு தேடத் தொடங்கியபோது, வேலையிடத்தில் ஒருவர் வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் வேண்டாம், எல்லாம் கலப்புக் குடியிருப்பு" என்றார். கடைசியில் அதே பக்கத்தில்தான் வாங்கினோம். ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே உள்ள அல்மேரே நகரின் பெய்ட்டன் பகுதியில் ஒரு வரிசை வீடு. வாங்கும் வழியில் என்னென்ன பார்க்க வேண்டியிருந்ததோ அதை, முதல்முறை வாங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நெதர்லாந்தின் மற்றப் புறநகர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: முதலில் கடன், அப்புறம்தான் ஃபுண்டா

வீட்டு விற்பனை விளம்பரங்கள் வரும் ஃபுண்டா தளத்தில் படம் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டால் பிறகு கணக்கு கசக்கும். ஆகவே முதலில் ஒரு வீட்டுக்கடன் ஆலோசகரிடம் போய் உட்காருங்கள். தோராயமாக ஆண்டு மொத்தச் சம்பளத்தின் நாலரை மடங்கு கடன் கிடைக்கும். வட்டி விகிதம், வருமானம், மற்றக் கடன்களைப் பொறுத்து இது மாறும். வீட்டின் ஆற்றல் தரச் சான்றும் கணக்கில் வரும்: சி, டி என்றால் 5,000 யூரோ கூடுதலாக வாங்கலாம், ஏ, பி என்றால் 10,000, இ முதல் ஜி வரை ஒன்றும் கிடையாது.

டீல் நகரில் இருக்கும் பி.கே.ஆர். என்ற கடன் பதிவேட்டை வங்கி பார்க்கும். காரை மாதத் தவணைக் குத்தகையில் எடுத்திருந்தால் அதுவும் அங்கே இருக்கும், உங்கள் கடன் தொகையையும் குறைக்கும். ஊரில் வாங்கிய கடன் அந்தப் பதிவேட்டில் வராது. ஆனால் கேட்டால் மறைக்காதீர்கள். தற்காலிக வதிவிட அனுமதியில் இருப்பவர்களுக்கு எல்லா வங்கியும் கடன் தராது. தரும் வங்கி எது என்று ஆலோசகருக்குத் தெரியும்.

படி 2: கையில் ரொக்கம்

இங்கே வங்கி வீட்டின் மதிப்பில் நூறு சதவீதம் வரை கடன் தரும். அதைக் கேட்டுவிட்டுக் கையில் காசே வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதிகம். விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் 'கே.கே.' என்று இருக்கும். கோஸ்டன் கோப்பர், அதாவது வாங்குபவர் செலவு. அது கடனில் சேராது.

4,00,000 யூரோ வீட்டுக்கு ஒரு கணக்கு: சொத்து மாற்று வரி 2 சதவீதம், 8,000. பத்திரத்தை எழுதிப் பதியும் சட்ட அலுவலரான நோட்டாரிஸுக்கு சுமார் 1,500. மதிப்பீட்டு அறிக்கைக்கு 800 போல. ஆலோசகருக்கு 3,000 போல. கட்டட ஆய்வுக்கு 500. என்.எச்.ஜி. எனப்படும் தேசிய வீட்டுக்கடன் உத்தரவாதம் எடுத்தால் கடனில் 0.4 சதவீதம், 1,600. மொத்தம் பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. வாங்குபவர் பக்கத் தரகர் வைத்தால் இன்னும் சில ஆயிரம்.

என்.எச்.ஜி. எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். வட்டி குறையும். வேலை போய், அல்லது மணமுறிவில் வீட்டை நட்டத்துக்கு விற்க நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு மீதிக் கடனை அது ஏற்கும். 2025இல் அதற்கான உச்ச விலை 4,50,000 யூரோவாக இருந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வாங்குபவருக்கு 35 வயது ஆகவில்லை என்றால், வாழ்நாளில் ஒரு முறை அந்த 2 சதவீத வரி கிடையாது. வீட்டின் விலைக்கு ஒரு வரம்பு உண்டு, 2025இல் அது 5,25,000 யூரோவாக இருந்தது. கணவருக்கு 36, மனைவிக்கு 33 என்றால் மனைவியின் பாதிக்கு விலக்கு உண்டு. நம் உதாரணத்தில் 4,000 யூரோ மிச்சம். நோட்டாரிஸ் அலுவலகத்தில் அதற்கென ஒரு படிவம் தருவார்கள், கையெழுத்துப் போட்டால் போதும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்புகிறார்கள் என்றால், அது எங்கிருந்து வந்தது என்ற ஆவணங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். வங்கியும் நோட்டாரிஸும் கேட்பார்கள். கையெழுத்துக்கு முந்தின வாரம் பழைய வங்கி அறிக்கையைத் தேடி ஊருக்கு ஃபோன் போடும் நிலை வேண்டாம்.

படி 3: வீட்டுக்கு முன்னால் தெருவைப் பாருங்கள்

அல்மேரே கடலடியில் இருந்த நிலம். தெற்கு ஃப்ளேவோலாந்து போல்டரை, அதாவது அணை கட்டி மீட்ட நிலத்தை, 1968இல் நீர் வடித்து எடுத்தார்கள். முதல் குடியிருப்பாளர்கள் 1976இல் அல்மேரே ஹாவன் பகுதிக்கு வந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் நெரிசலைப் பங்கு போட்டுக்கொள்ளத் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்பதால் ஆரம்பம் முதலே சொந்த வீடும் வாடகை வீடும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. சூரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளி இந்துஸ்தானியர்கள், மொராக்கோக் குடும்பங்கள், போலந்துக்காரர்கள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து இங்கேயே ஓய்வு பெற்ற டச்சுக்காரர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

கலப்பு என்ற சொல்லுக்குப் பயப்படத் தேவையில்லை. அது எந்த வகைக் கலப்பு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வரிசையில் நடந்து வாசல் கதவுகளைப் பாருங்கள். நாலைந்து கதவுகள் ஒரே நிறத்தில், ஒரே வயதுப் பெயின்ட்டோடு இருந்தால் அவை பெரும்பாலும் சமூக வாடகை வீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஆளுக்கொரு நிறத்தில் இருந்தால் விற்கப்பட்டவை. இதனால் என்ன? நிறுவனம் தன் வீடுகளுக்குக் கூரை மாற்றும்போது நீங்களும் சேர்ந்துகொள்ள வாய்ப்புண்டு, செலவு குறையும். மறுபக்கம், உங்கள் கூரையும் மழைநீர்க் குழாயும் அவர்கள் வீட்டோடு ஒட்டியிருந்தால், பழுதுக்கு அவர்களோடு பேசித்தான் ஆகவேண்டும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் 'கோப்கரான்ட்' என்ற முறையா என்று கேளுங்கள். அதில் நிறுவனம் தள்ளுபடியில் விற்கும். திரும்ப விற்கும்போது அதனிடமே விற்று, லாபத்தையும் நட்டத்தையும் பங்கு போட வேண்டும்.

லேஃப்பாரோமீட்டர் என்ற அரசுத் தளம் ஒவ்வொரு பகுதியும் வாழ எப்படி இருக்கிறது என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும். வோஸ் மதிப்புத் தளத்தில் பக்கத்து வீடுகளுக்கு நகராட்சி போட்ட மதிப்பு யாருக்கும் தெரியும்படி இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நாங்கள் மூன்று முறை போனோம்: செவ்வாய் காலை பள்ளி நேரம், வெள்ளி இரவு பத்து மணி, ஞாயிறு மாலை. வெள்ளி இரவு பயப்படும்படி எதுவும் இல்லை. ஞாயிறு மாலை பக்கத்து வீட்டுச் சூரினாம் பாட்டி குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து நின்று, பெரிய மழையில் பின் சந்தில் தண்ணீர் தேங்கும், கொட்டகையில் அட்டைப் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள் என்றார். எந்த விளம்பரத்திலும் வராத தகவல் அது. எந்தக் கடையில் கறிவேப்பிலை நல்லதாகக் கிடைக்கும் என்றும் அவரே சொன்னார்.

படி 4: வீட்டுக்குள் குனிந்து பாருங்கள்

பார்வை நேரம் பெரும்பாலும் இருபது நிமிடம், அரை மணிதான். விற்பவர் வைத்திருக்கும் பூச்சாடியில் அதைச் செலவழிக்காதீர்கள்.

வாசல் கால்மிதியைத் தூக்கச் சொல்லுங்கள். அதற்கு அடியில் பெரும்பாலும் ஒரு சதுர மூடி இருக்கும். திறந்தால் தரைக்கு அடியில், ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு வெற்றிடம் தெரியும். ஃபோன் விளக்கை அடித்துப் பாருங்கள்: மண் உலர்ந்திருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, அழுகிய வாடை வருகிறதா? தரையின் அடிப்பக்கத்தில் வெப்பக்காப்பு போட்டிருக்கிறார்களா? அப்புறம் ஜன்னல். இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஓரத்தில் உலோகப் பட்டை ஒன்று ஓடும். பல வீடுகளில் அந்தப் பட்டையில் கண்ணாடி செய்த ஆண்டு பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் கூடத்துக் கண்ணாடியில் 2009, மாடியில் 1986. மாடியில் ஏன் குளிர்கிறது என்பது அங்கேயே புரிந்துவிட்டது, விலையிலும் அதைக் கணக்கில் எடுத்தோம்.

போல்டர் மண்ணில் வீடு கான்கிரீட் தூண்கள் மேல் நிற்கும், தோட்டம் மெல்ல மெல்ல இறங்கும். பின்கதவுப் படிக்கும் தோட்டத்துக் கல்லுக்கும் நடுவே எவ்வளவு உயரம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். மண் கொட்டி உயர்த்துவது சின்னச் செலவு இல்லை. 1994க்கு முன் கட்டிய வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிக் கேளுங்கள். முதலில் கொட்டகைக் கூரையைப் பாருங்கள்.

அல்மேரேயின் பல பகுதிகளில் மாவட்ட வெப்பக் குழாய்தான், வீட்டுக்குள் கேஸ் கொதிகலன் இருக்காது. அந்த வெப்பத்தைத் தருபவரை மாற்ற முடியாது. எரிவாயு இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் சமையல் மின் அடுப்பில்தான், தோசைக்கல்லையும் மாற்ற வேண்டிவரும். அடுக்குமாடி என்றால், சமையலறைப் புகைபோக்கி வெளியே காற்றைத் தள்ளுகிறதா, உள்ளேயே சுற்றவிடுகிறதா என்று பாருங்கள். நாள்தோறும் தாளிக்கும் வீட்டுக்கு இது முக்கியம். உரிமையாளர் சங்கத்தின் பழுதுபார்ப்புச் சேமிப்பு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

படி 5: விலை சொல்வது

கேட்கும் விலைக்கு மேல் சொல்வது இங்கே சகஜம். ஆனால் வங்கி பார்ப்பது மதிப்பீட்டு அறிக்கையை. நீங்கள் 4,25,000 சொல்லி, மதிப்பு 4,10,000 என்று வந்தால், 15,000 உங்கள் பையிலிருந்து போகும்.

விலையோடு நிபந்தனைகளையும் எழுதுங்கள். கடன் கிடைக்காவிட்டால் விலகும் உரிமை, கட்டட ஆய்வில் பெரிய பழுது தெரிந்தால் விலகும் உரிமை, இந்த இரண்டும். போட்டி அதிகமாக இருக்கும்போது, 'நிபந்தனை இல்லாமல் சொன்னால் உங்களுக்கே கிடைக்கும்' என்பார்கள். எங்கள் நண்பர் ஒருவரிடம் ஒரு தரகர் அப்படித்தான் சொன்னார், அவரும் விட்டுக்கொடுத்தார். சோதனைக் காலத்தில் இருந்த வேலை போனது, வங்கி கைவிரித்தது. ஒப்பந்தத்தில் விலையில் 10 சதவீதம் அபராதம். அந்தக் குடும்பம் ஐந்து வருஷம் சேர்த்த பணம் அது. வீடு கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, கடன் நிபந்தனையை மட்டும் விடாதீர்கள்.

படி 6: கையெழுத்துக்குப் பிறகு

'சரி' என்று விற்பவர் வாயால் சொன்னது செல்லாது. எழுத்தில் இருவரும் கையெழுத்திட்டால்தான் கட்டுப்படும். கையெழுத்தான ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்த மறுநாளிலிருந்து குறைந்தது மூன்று நாள், காரணமே சொல்லாமல் விலகலாம். விற்பவருக்கு அந்த உரிமை இல்லை. பிறகு சில வாரங்களுக்குள் 10 சதவீத வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ தர வேண்டும். ஒப்பந்தத்தோடு பொருள் பட்டியல் ஒன்று வரும். திரைச்சீலை, அடுப்பு மட்டுமல்ல, தரை விரிப்பும் மரத்தரையும் கூட விற்பவர் எடுத்துப் போகிறாரா என்று அதில் இருக்கும். வரிவரியாகப் படியுங்கள்.

படி 7: நோட்டாரிஸ் நாள்

வில்லங்கச் சான்று தேடி நாம் அலைய வேண்டாம். நோட்டாரிஸே காடாஸ்டர் நிலப் பதிவகத்தில் பார்ப்பார். பத்திரம் டச்சில் இருக்கும். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உடன் இருந்தாக வேண்டும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்று காலை வீட்டை இன்னொரு முறை சுற்றிப் பார்த்து, மின்சார, தண்ணீர், வெப்ப மீட்டர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். கட்டடக் காப்பீடு அன்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

குடிபோன ஐந்து நாட்களுக்குள் நகராட்சியில் முகவரி மாற்றுங்கள். முதல் வாரத்திலேயே இரண்டு பக்கமும் மணியடித்து, பெயர் சொல்லி, எந்தக் குப்பை எந்த நாள் என்று கேளுங்கள்.