கரண்ட் போய் உபுண்டு கறுப்புத் திரையில் நின்றால்

ஐப்பசி அடைமழையில் மன்னார்குடிப் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? யூபிஎஸ் இல்லாத என் பழைய கணினி அப்படித்தான் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டால், விண்டோஸுக்குப் பதில் நான் வைத்திருக்கும் இயங்குதளமான உபுண்டு வரவில்லை. கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று மட்டும் நின்றது.

பயந்துபோய் ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும்; எழுதும்போது பாதியில் நின்றதால் டிஸ்க்கின் கணக்கு குழம்பியிருக்கும், அவ்வளவுதான். முதலில் ‘எக்ஸிட்’ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். எந்தப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் எந்தப் பகுதியில், பிழை என்று திரையே சொல்லும்: ஸ்லாஷ், டெவ், ஸ்லாஷ், எஸ்டிஏ2 என்பதுபோல. தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிழையைச் சரிசெய்யும் கட்டளையை டைப் செய்யுங்கள்: சின்ன எழுத்தில் எஃப், எஸ், சி, கே சேர்த்து; ஓர் இடைவெளி; கழித்தல் குறியை ஒட்டி ஒய்; மறுபடி இடைவெளி; குறித்த பெயர். அந்த ஒய் இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் அனுமதி கேட்டு உயிரை எடுக்கும். முடிந்ததும் ‘ரீபூட்’.

உபுண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இதே கட்டளையை டெர்மினலில் கொடுக்காதீர்கள். மவுன்ட் ஆன, அதாவது உபுண்டு பயன்படுத்திக்கொண்டிருக்கும், பார்ட்டிஷனில் ஓட்டினால் உள்ளதும் கெடும். கரண்ட் போகாத நாளிலும் இந்தத் திரை வந்தால், சந்தேகம் டிஸ்க்கின் மேல்தான். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.