முதுகலை மெய்யியலில் சுயகற்றல் பாடம்: திட்டம் எழுதுவது எப்படி?

மெய்யியல் முதுகலையில் சில இடங்களில் சுயகற்றல் பாடம் ஒன்று எடுக்கலாம். பாடத்திட்டத்தை நாமே போட வேண்டும். ஒரு விரிவுரையாளர் மேற்பார்வை செய்வார். கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு மாலை நெரிசலில் வகுப்புக்கு ஓட வேண்டாம் என்பதே பெரிய ஆறுதல். பதிவு முறை துறைக்குத் துறை மாறும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட்டுக்கு 120 மணி. இறுதிக் கட்டுரை எழுத 40 மணியை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு மெய்யியல் கட்டுரையைக் குறிப்பெடுத்துப் படிக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். சந்திப்புகளையும் கழித்தால் பதினைந்து கட்டுரைகளுக்குத்தான் இடம். ஐம்பது நூல் பட்டியலோடு போகாதீர்கள்.

அடுத்தது கேள்வி. எனக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். "இந்திய அறிவாய்வியல்" (அறிவு எப்படி வருகிறது என்ற ஆய்வு) என்பது கேள்வி இல்லை. "மணிமேகலையில் பௌத்தம்" என்பதும் இல்லை, அது வெறும் தலைப்பு. இதைப் பாருங்கள்: பிறர் சொல்லக் கேட்டுப் பெறும் அறிவு தனி அளவையா (அதாவது, அறிவு பெறும் தனி வழியா), அனுமானத்துக்குள், அதாவது ஊகித்து அறிவதற்குள், அடங்குமா? இந்தியத் தர்க்கப் பள்ளியான நியாய மரபு தனி என்கிறது. திக்நாகரின் பௌத்த மரபு அனுமானத்துக்குள் அடக்குகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையும் காட்சி, கருத்து (அனுமானம்) என்று இரண்டே அளவைகளை ஏற்கிறது. மேற்கில் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம், 1748இல் வெளிவந்த நூலில், பிறர் சொல்லும் சாட்சியை நம்புவதற்கு அனுபவமே ஆதாரம் என்றார். அவர் காலத்து மெய்யியலாளர் தாமஸ் ரீட் அதை ஏற்கவில்லை. இப்போது இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, வாதாட இடமும் இருக்கிறது. விவரம் தெரிந்த இருவர் எதிரெதிர் பதில் சொல்ல முடியாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்.

கேள்வி அமைந்துவிட்டால் நூல்பட்டியல் தானாகச் சுருங்கும். எந்தக் கட்டுரை எந்தப் பக்கத்துக்கு உதவும் என்று ஒரு வரியில் எழுத வரவில்லையா, தூக்கிவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியத்தில் தொடங்குங்கள். இலவசம், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் நல்ல நூல்பட்டியல் இருக்கும். அப்புறம் பில்பேப்பர்ஸ், மெய்யியல் கட்டுரைகளுக்கான இணையப் பட்டியல். கூகுள் ஸ்காலரைக் கடைசியில் திறந்தால் போதும், குப்பை அதிகம். தமிழ் மூலங்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தை முயலலாம்; இந்திய ஆய்வியல் துறை இருக்கும் இடம் அது. வெளியாள் என்றால் அனுமதி பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நூற்குறிப்புகளைச் சேர்க்க ஸொட்டேரோ என்ற மென்பொருள்தான் என் கட்சி. வேர்டில் கையால் பட்டியல் போடுவது வீண் வேலை.

மேற்பார்வையாளருக்கு "டாக்டர், சந்திக்கலாமா?" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே பக்கத்தில் கேள்வி, பட்டியல், இரு வாரத்துக்கொரு சந்திப்பு, மதிப்பீடு எல்லாம் இருக்கட்டும். சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னால் 500 சொல்லில் ஒரு குறிப்பு அனுப்புவதாக நீங்களே சொல்லிவிடுங்கள். கெடு இல்லாவிட்டால் படிப்பு ஓடாது. கட்டுரை ஆங்கிலத்திலோ மலாயிலோ என்றால், தமிழ் மேற்கோள்களை நீங்களே மொழிபெயர்க்கலாமா, மூலத்தையும் தர வேண்டுமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். திருத்துபவருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம்.

பின்னர் சேர்த்தது: ஸொட்டேரோ தமிழ்ப் பெயர்களை வெட்டுகிறது என்று பினாங்கு வாசகி ஒருவர் கேட்டிருந்தார். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று அது இரண்டாகப் பிரிப்பதால், தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக மாற்றிவிட்டு, பெயரை முழுதாக உள்ளிடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.