எழுத்தைத் தொழிலாகக் கொள்வோருக்கான பார்வை நூல்கள்: எல்லைப்புறத்தில் தொடங்கும் முறை

தமிழக–கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் மொழிபெயர்ப்பையோ விண்ணப்பம் எழுதித் தருவதையோ சொந்தத் தொழிலாகத் தொடங்குகிறவரிடம், தமிழ்க் கடிதங்களோடு பழைய மலையாளப் பத்திரங்களும் வந்து சேரும். எந்த ஐயத்துக்கு எந்த நூலைத் திறப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது, பத்து அகராதிகளை வாங்கி அடுக்குவதைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

முதற்படியாக, இன்றைய தமிழ் வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் வந்த பதிப்பு நல்லது. அதில் கிடைக்காத பழஞ்சொல்லுக்கு மட்டும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனுக்குச் செல்லுங்கள். இந்த வரிசையை மாற்றினால், வழக்கொழிந்த பொருளை இன்றைய கடிதத்தில் எழுதிவிட நேரும்.

அடுத்தது மலையாளம். அன்றாடச் சொற்களுக்கு ஓளம் என்னும் இலவச இணைய அகராதி போதும். காணம், பாட்டம் போன்ற நிலவுரிமைச் சொற்கள் வரும் பத்திரங்களுக்கு 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் மலையாள–ஆங்கில அகராதியே துணை. அதுவும் லெக்சிகனும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மூன்றாவது படி தேதி. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், அக்காலப் பத்திரங்களில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டே காணப்படும். கொல்லம் ஆண்டு, நம் ஆவணிக்கு நேரான சிங்ஙத்தில் பிறக்கிறது. ஆகவே ஆங்கில ஆண்டைப் பெற, கொல்லம் ஆண்டோடு சிங்ஙம் முதல் டிசம்பர் 31 வரையிலான நாளுக்கு 824ஐயும், ஜனவரி முதல் (நம் ஆடிக்கு நேரான) கர்க்கடக முடிவு வரையிலான நாளுக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். பத்திரத்தில் '1100 மேடம் 5' என்றிருந்தால், மேடம் சித்திரைக்கு நேரானது என்பதால் 825ஐக் கூட்டி, 1925 ஏப்ரல் என்று கொள்ளலாம். கேரளத்தார் இன்றும் பேசும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில் வந்தது; கணக்கைச் சரிபார்க்க அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம் மார்கழிக்கு நேரான தனு மாதம் டிசம்பரிலும் ஜனவரியிலுமாக விழுவதால், நாளைப் பார்க்காமல் ஆண்டை எழுதவே கூடாது. ஆங்கிலத் தேதி நாள் பிசகாமல் வேண்டுமென்றால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். மொழிபெயர்ப்பிலும் கொல்லம் தேதியை அப்படியே எழுதி, ஆங்கிலத் தேதியை அதன் பக்கத்தில் தாருங்கள்.

கலைச்சொல்லுக்குத் தமிழக அரசின் சொற்குவை என்னும் இணையச் சொல் தொகுப்பு இருக்கிறது. ஆனால் கேரள அலுவலகப் பதவிப் பெயர்களை அதில் தேடி மாற்ற வேண்டாம். வில்லேஜ் ஆபீசர் என்றிருப்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் மனு கொடுப்பவருக்கு நல்லது.

நூலை மொழிபெயர்க்கும் வேலை வந்தால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19, 22ஆம் பிரிவுகளைப் படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் முடியும்வரை, மொழிபெயர்க்க உரிமையாளரின் எழுத்துவழி அனுமதி தேவை. உங்கள் மொழிபெயர்ப்பின் உரிமையைப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால், சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றே கொள்ளும். இதை அறியாமல் இளையவர்கள் கையெழுத்திடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

வரி தொடர்பான ஐயங்களுக்கு ஜிஎஸ்டி இணையதளத்தையே பாருங்கள். சேவை வழங்குவோரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. 2017 அக்டோபரில் வந்த அறிவிக்கைக்குப் பின், வேறு மாநிலமான கேரளத்தின் புனலூரிலோ கொல்லத்திலோ உள்ள வாடிக்கையாளருக்கு வேலை செய்தாலும் இதுவே விதி. பதிவு பெறாதவர் தம் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகையைச் சேர்க்கக் கூடாது. வேலையின் பெயர், பக்கக் கணக்கு, கூலி, தேதி ஆகியவற்றை மட்டும் எழுதி, ஒரு படியைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.