பழைய லென்ஸில் இறுகிய வளையமும் எண்ணெய் படிந்த பிளேடுகளும்: கண்டறிதலும் சரிசெய்தலும்

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில், பழைய கடிகாரங்களுக்கும் ரேடியோக்களுக்கும் நடுவே எப்போதாவது ஒரு கேமரா லென்ஸ் கண்ணில் படும். வாங்குபவர்கள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். என் கைக்கு வந்த பழைய லென்ஸ்களிலோ கண்ணாடியைவிட இயந்திரப் பகுதியே அதிகம் பழுதாகியிருந்தது. கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களில் இந்தப் பழுதுகளை எப்படி அறிவது, எவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகச் சுழற்றுங்கள். முழுச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பிடித்தால், லென்ஸ் கீழே விழுந்து உடல் நெளிந்திருக்கக்கூடும். நறநறவென்று உணர்ந்தால் உள்ளே மணல் இருக்கிறது. கடற்கரையில் பயன்பட்ட லென்ஸ்களில் இது உண்டு, அதற்குமேல் சுழற்றினால் மரை கீறிவிடும் என்பதால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். வளையம் சுழன்றும் கண்ணாடிப் பகுதி முன்பின் நகரவில்லை என்றால், வளையத்தைப் பிடித்திருக்கும் சிறிய ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கின்றன. இது எளிதில் தீரும்.

அடுத்து அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 16 என்னும் சிறிய அளவில் வைத்து, லென்ஸின் பின்புறமுள்ள நெம்புகோலையோ ஊசியையோ விரலால் அழுத்திவிடுங்கள். துளையைச் சுருக்கும் மெல்லிய பிளேடுகள் 'சட்'டென்று பாய வேண்டும். சோம்பலாக நகர்ந்தால், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கையில் அவற்றின்மேல் எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். எஸ்எல்ஆர் கேமராவில் ஷட்டர் திறப்பதற்குமுன் பிளேடுகள் சுருங்கி முடிக்க வேண்டும். அவை தாமதித்தால், முழுத் திறப்பில் சரியாக வரும் படம் எஃப் 8, எஃப் 11-இல் வெளிறிப்போகும். அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் வழியாக மிரர்லெஸ் கேமராவில் பொருத்தி, அபெர்ச்சரைக் கையால் முன்கூட்டியே சுருக்கிக்கொள்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் அந்த எண்ணெய் ஆவியாகி அருகிலுள்ள கண்ணாடியில் மூட்டமாகப் படியும் என்பதால், அவரும் அதை விட்டுவைக்கக் கூடாது.

இறுகிய வளையமும் எண்ணெய்ப் பிளேடும் தனித்தனி நோய்கள் அல்ல. கிரீஸ் என்பது சோப்பு போன்ற ஒரு பொருளுக்குள் பிடித்துவைக்கப்பட்ட எண்ணெய்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல, அதுவும் சித்திரை வெயிலில் வண்டி டிக்கிக்குள் கிடக்கும்போது, எண்ணெய் பிரிந்து வழிந்து பிளேடுகளைச் சென்றடைகிறது. எஞ்சிய பசை மரைகளுக்கு இடையே கெட்டிப்படுகிறது. ஆகவே இறுக்கத்தைப் போக்க எண்ணெய் விடுவது நோயை வளர்ப்பதாகும். நான் முதன்முதலில் பழுதுபார்த்த 50 மி.மீ. லென்ஸில் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். வளையம் அன்றே இலகுவானது, இரண்டு வாரத்தில் பிளேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தேங்காய் எண்ணெய்க்கும், துருவைப் போக்கும் ஸ்ப்ரேக்களுக்கும் இதே விளைவுதான்.

திறப்பதற்குமுன் கருவிகளைச் சரிபாருங்கள். ஜப்பானிய லென்ஸ்களின் குறுக்குவெட்டு ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தவை. வழக்கமான ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றில் முழுதும் பதியாமல் எழும்பி, தலையைச் சிதைத்துவிடும். அரக்குப் பூசி இறுகிய ஸ்க்ரூவின்மேல் பல்குத்தும் குச்சியால் ஒரு துளி அசிட்டோன் வைத்துச் சில நிமிடம் காத்திருந்தால் இளகும். அது பிளாஸ்டிக்கையும் எழுத்துகளின் வண்ணத்தையும் கரைக்கும் என்பதால் துளிக்கு மேல் வேண்டாம். முன்புறப் பெயர் வளையத்தைக் கழற்ற, அதன் விட்டத்துக்கு ஏற்ற ரப்பர் மூடியை அழுத்திச் சுழற்றுவதே போதும். ஒவ்வொரு படியையும் கைபேசியில் படமெடுத்து, கழற்றியவற்றை வரிசைப்படி குழிப்பணியாரச் சட்டியின் குழிகளில் வைப்பது என் வழக்கம்.

பிளேடுகளைச் சுத்தம் செய்ய அவற்றைத் தனித்தனியே பிரிக்க வேண்டியதில்லை. முன், பின் கண்ணாடித் தொகுதிகளைக் கழற்றிவிட்டு, லைட்டர் பெட்ரோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இருபுறமும் மெல்லத் துடையுங்கள். பிளேடுகளைத் திறந்து மூடியபடி, பளபளப்பு அறவே மறையும்வரை ஐந்தாறு முறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், வண்டி பெட்ரோலிலும் கசடு உண்டு, இரண்டும் வேண்டாம். லைட்டர் பெட்ரோல் எளிதில் தீப்பற்றும், எனவே அடுப்பும் பூஜை விளக்கும் அருகில் இருக்கக் கூடாது. பிளேடுகள் உலர்ந்தே இயங்க வேண்டியவை. துடைத்தபின் எதையும் பூச வேண்டாம்.

ஹெலிகாய்டு என்னும் திருகு மரைப் பகுதிதான் பொறுமையைக் கேட்பது. சாதாரண மரைபோல் ஒரு தொடக்கம் அல்லாமல் அதற்குப் பல தொடக்கங்கள் உண்டு. எந்தத் தொடக்கத்தில் சேர்த்தாலும் அது உள்ளே ஏறும், ஆனால் ஒன்றில் மட்டுமே தூரக்காட்சி சரியாக விழும். ஆகவே வளையத்தை முடிவிலிக் குறியில் (∞) வைத்து இரு பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு மிக மெதுவாகக் கழற்றி, மரை விடுபடும் அந்த இடத்தில் இரண்டிலும் மறுபடி அடையாளமிடுங்கள். உள், வெளி என இரண்டு ஹெலிகாய்டுகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே குறி வேண்டும். பழைய பசையைப் பல்துலக்கும் பிரஷும் லைட்டர் பெட்ரோலும் கொண்டு உலோகம் மின்னும்வரை நீக்குங்கள். உலர்ந்த மரையை 'சரியாக இருக்கிறதா' என்று சுழற்றிப் பார்க்கும் ஆசை எழும். அலுமினியம் அலுமினியத்தோடு கிரீஸின்றி உரசினால் கடித்துக்கொண்டு மீளாது. லென்ஸ்களுக்கென்று விற்கும் கெட்டியான கிரீஸை மரைமேல் படலமாக மட்டும் தடவி, குறியிட்ட இடத்தில் சேருங்கள்.

முடிவிலியைச் சரிபார்க்க நான் காலை வேளையில் கடற்கரைச் சாலையின் தென்கோடிக்குச் சென்று, 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தை நோக்கி லென்ஸைத் திருப்புவேன். கடலூர்க்காரர்கள் தொலைவில் தெரியும் ஏதேனும் ஒரு நீர்த்தேக்கத் தொட்டியைக் கொள்ளலாம். வெயில் ஏறினால் காற்று அலைந்து கூர்மை தெரியாது. திரையைப் பெரிதாக்கி உருவம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின் சிறு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, முடிவிலிக் குறியைப் புள்ளிக்கு நேரே கொண்டுவந்து இறுக்குங்கள். அடாப்டர் சற்று மெல்லியதாக இருந்தாலும் குறி தவறும் என்பதால், நல்ல நிலையிலுள்ள மற்றொரு லென்ஸால் அதை முதலில் சோதியுங்கள். கேமராவோடு பொருந்தும் மவுண்ட்டின் அடியில் மெல்லிய தகடுகள் இருந்தால், அவற்றை இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் வீட்டில் செய்யக்கூடியது குறைவு. முழுத் திறப்பில் படம் விழுந்து, எஃப் 8-இல் கேமரா பிழை காட்டினால், அபெர்ச்சருக்குச் செல்லும் நாடா போன்ற கேபிள் அறுந்திருக்கலாம். செங்கல் சுவரை நேராக எடுத்த படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கினால், விழுந்ததில் கண்ணாடி இடம்பெயர்ந்திருக்கிறது. இவற்றைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம், அல்லது வாங்காமல் விடலாம்.

வேலை முடிந்த லென்ஸை ஒரு வாரம் வழக்கமான அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, பிளேடுகளை மீண்டும் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு தலைகாட்டினால் கிரீஸ் மிகுதியாகிவிட்டது; ஹெலிகாய்டைக் கழற்றி, இதற்குப் பாதியளவு தடவிச் சேருங்கள்.